மலை இடப்பக்கம் வந்த வருஷம்

அன்புள்ள குமரன்,

உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள் என்பது இத்தனை வருஷத்தில் உனக்குத் தெரியாமல் இருக்காது. கையில் மாவோ, அரிசி களைந்த தண்ணீரோ இருக்கும், அவள்தான் என்ன செய்வாள்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ அவளிடம் சொன்னதைப் பக்கத்து அறைக் கட்டிலில் கிடந்த நானும் கேட்டேன். "அப்பாவ இந்த நெலமையில வுட்டுட்டு எப்டிம்மா போறது? வரலன்னு சொல்லிடப் போறேன். அப்பாகிட்ட சொல்லாத." அவள் இன்றுவரை சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டபடியே நடந்துகொண்டாள், அவள்மேல் கோபப்படாதே. பின்லாந்தில் மூன்று வருஷ வேலை, வெள்ளிக்கிழமைக்குள் உன் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும், நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

போனிலேயே பேசலாமே என்பாய். பேச முடியாதப்பா. அந்த ஸ்ட்ரோக்குக்குப் பிறகு என் வாயில் வார்த்தை மெதுவாகத்தான் வருகிறது. நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே நீ "சரிப்பா, ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் குறுக்கே யாரும் ரெஸ்ட் எடுக்கச் சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டது இடது பக்கம், எழுதுவது வலது கை, எனக்கு என்ன குறை? எழுதி முடித்ததும் படம் எடுத்து நம் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் போடச் சொல்லப் போகிறேன். உன் சித்தப்பாக்கள் இருவரும் அங்கேதான் உன்னைப் போகாதே என்று மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

வாரத்தில் இரண்டு நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பிசியோதெரபி பெண் பஸ் பிடித்து வருகிறது. போன வாரம் என்னை மொட்டை மாடியில் நடக்கவிட்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. "அய்யா, ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க திரும்புறதெல்லாம் ரைட்லதான் திரும்புறீங்க. லெஃப்ட்னு ஒரு பக்கம் இருக்கறதயே உங்க மூள மறந்துட்டு வருது" என்றது. உண்மைதான். இடப்பக்கம் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தாலும் தண்ணீர் எங்கே என்று உன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவளும் எனக்குக் கண்ணும் போய்விட்டதோ என்று பயந்துபோயிருந்தாள். இனிமேல் தினமும் சாயங்காலம் மாடியை இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்ற வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனது. முதல் நாள் நான் சுற்ற ஆரம்பித்ததும், துணி எடுக்க வந்த உன் அம்மா பதறிவிட்டாள். "வெளக்கு வெக்கிற நேரத்துல இப்டியா அப்பிரதட்சிணமா சுத்துவீங்க? அதுவும் மலைய எதுருல வெச்சிகினு" என்றாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இதே பேச்சை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், அதுவும் ஃபுட்பாலுக்காக.

நான் காலேஜில் ஃபுட்பால் ஆடியவன் என்று உனக்குத் தெரியும். எங்கள் டீம் என்ன லட்சணத்தில் ஆடியது என்பதை உன்னிடம் சொன்னதில்லை. வங்காளதேசப் போர் முடிந்த அடுத்த வருஷம் நான் இரண்டாம் வருஷம் பி.ஏ. அதற்கு முந்தைய சீசனில் நாங்கள் ஒரு மேட்ச்சிலும் ஜெயிக்கவில்லை. எதிர் டீம்காரர்கள் எங்களோடு மேட்ச் என்றால் முதல் நாளே சினிமாவுக்கு டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்வார்களாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்று. அந்த ஜூலையில் முதல் வருஷ வகுப்பில் வந்து உட்கார்ந்தவன்தான் தனபால். எங்கள் எல்லோரையும்விட ஆறேழு வயது பெரியவன். பட்டாளத்தில் இருந்து, போருக்குப் போய், இடது கையில் இரண்டு விரலைக் குண்டுச் சிதறலுக்குக் கொடுத்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆகிப் படிக்க வந்தவன். அவனை யாரும் தனபால் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிரின்சிபால் உட்பட எல்லோருக்கும் அவன் மிலிட்டரிதான். ரெஜிமென்ட்டில் ஃபுட்பால் ஆடியிருந்தான். எங்கள் காலேஜில் கோச் என்று யாரும் கிடையாது, அவனே கோச் ஆகிவிட்டான்.

எங்களுக்கு அவனிடம் ஃபுட்பால் கற்றுக்கொள்ளும் ஆசையைவிடப் போரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசைதான் ஜாஸ்தி. நியூஸ் ரீலில் பார்த்த போர், அதிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்து நம் பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுகிறான் என்றால் சும்மா இருக்க முடியுமா? சுற்றி நின்று பிய்த்து எடுத்தோம். அவன் ஒரு சட்டம் போட்டான். வாரத்தில் இரண்டு நாள் விடிகாலையில் கிரிவலப் பாதையில் மலையை முழுசாகச் சுற்றி ஓட வேண்டும். ஓடி முடித்தால் ஒரு சுற்றுக்கு ஒரு கேள்வி, டீமுக்கே மொத்தமாக ஒன்று, அதற்கு அவன் பதில் சொல்லுவான். வழியில் யாராவது உட்கார்ந்துவிட்டால் கேள்வி கிடையாது. கேள்விக்காகவே ஓடினோம். அப்போது அந்தப் பாதை மண் பாதை, புளிய மரம்தான் துணை, பௌர்ணமிக்குக் கூட இன்று வருகிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு வராது. முதல் வாரம் நாக்குத் தள்ளி வந்து சேர்ந்தபோது கோலி என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் கோல்கீப்பர் முந்திக்கொண்டு, "அங்க தோச கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டான். "கெடைக்காது" என்றான் மிலிட்டரி. அவ்வளவுதான், அன்றைய கணக்கு முடிந்தது. கோலியைத் தூக்கிக் குளத்தில் போடாதது ஒன்றுதான் குறை.

ஓடி ஓடி மூச்சு பிடித்தது. ஆகஸ்ட்டில் முதல் முறையாக ஒரு மேட்ச் ஜெயித்தோம், பிறகு இன்னொன்று. காலேஜே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தெம்பில் வேலூருக்குப் போனோம். பாதி நேரம்வரை சமமாக இருந்தது. அப்புறம் அவர்கள் டீமில் ஒருத்தன் கத்தியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "டேய், இவனுங்க எல்லாம் ரைட்லயே திரும்புறானுங்கடா. அந்தப் பக்கம் போய் நில்லுங்க போதும்." போய் நின்றார்கள், போதுமாக இருந்தது. எங்களில் யாருக்குப் பந்து கிடைத்தாலும் வலப்பக்கம்தான் திரும்பினோம், அங்கே ஆள் தயாராக நின்றுகொண்டிருந்தான். அடுத்தடுத்து நான்கு கோல் வாங்கினோம். திரும்பி வரும் பஸ்ஸில் போளூர் தாண்டியதும் மிலிட்டரி தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தான். "தப்பு என்னுது. மாசக்கணக்கா மலைய ரைட்லயே வெச்சிகினு உங்கள ஓட வுட்டேன். வளையறதெல்லாம் ரைட்லயே வளஞ்சி வளஞ்சி ஒடம்பு பழகிடுச்சி. கிரவுண்டுலயும் அப்டியேதான் சுத்துறோம். நாளையிலேர்ந்து எதிர்ப்பக்கம் ஓடணும்" என்றான்.

நீ இந்த ஊரில் பிறந்தவன், எதிர்ப்பக்கம் என்றால் என்ன என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் நீ போகும் ஊரில் யாருக்காவது படித்துக் காட்டினால் சொல்லு: மலையை வலம்தான் வருவார்கள். மலை எப்போதும் வலது கைப்பக்கம். நாத்திகம் பேசுகிறவன்கூட சைக்கிளில் அந்தப் பக்கமாகத்தான் சுற்றுவான். எங்கள் கேப்டன் பாஸ்கர் அடி அண்ணாமலைக்காரன், பாதையோரத்திலேயே அவன் வீடு. "எங்க வூட்டு வாசல்ல நான் எதிர்ல ஓடி வந்தா எங்கப்பா வெறகுக் கட்டைய எடுப்பாரு" என்றான். என் வீட்டில் நான் லேசாகப் பேச்செடுத்ததற்கே என் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "சுடுகாட்லதான்டா இடப்பக்கமா சுத்துவாங்க. எனக்குத் தலச்சன் புள்ள நீதான். வேற எந்த ஆட்டம் வேணா ஆடு" என்றாள். அவள் கண்ணில் இருந்தது நிஜமான பயம். அதை நான் கேலி செய்யவில்லை, இப்போதும் செய்ய மாட்டேன்.

பாஸ்கர் இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். நம் ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது. எப்போதும் போகும் திசையிலேயே போவோம், ஆனால் முதுகு முன்னால் இருக்கும்படி பின்பக்கமாக ஓடுவோம். போகும் திசை வலம், புண்ணியத்துக்குக் குறைவில்லை. மலையோ இடப்பக்கம் வந்துவிடும், பிராக்டிஸுக்கும் குறைவில்லை. "செஞ்சி பாருங்க" என்றான் மிலிட்டரி. செய்தோம். பின்பக்கமாகக் கால் வைத்துப் பதினோரு பேர் ஓடும் காட்சியை நினைத்துப் பார். வழியில் உள்ள நிருதி லிங்கம்வரைதான் போக முடிந்தது. வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் வந்த மாட்டு வண்டியைக் கோலி பார்க்கவில்லை, மாடு மட்டும் அவனைப் பார்த்து மிரண்டு வண்டியை முள்வேலிக்குள் இழுத்துவிட்டது. அன்று முழுக்கக் கடலை பொறுக்கினோம். வண்டிக்காரர் எங்கள் பரம்பரையையே திட்டித் தீர்த்தார்.

அடுத்த ஓட்டம் பௌர்ணமிக்கு மறுநாள் விடிகாலையில். எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்கள் வரலாம், மற்றவர்கள் காலேஜ் கிரவுண்டையே இடப்பக்கமாகச் சுற்றலாம் என்று மிலிட்டரி சொல்லிவிட்டான். யாரும் போகவில்லை, நான் மட்டும் போனேன். தைரியம் என்று நினைத்துவிடாதே, தைரியத்தில் நான் எப்போதும் கம்மிதான். பிறந்ததிலிருந்து நடந்த பாதை, எந்த வளைவுக்கு அப்புறம் எந்த மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன், அது அந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். அம்மாவிடம் கிரவுண்டுக்குப் போகிறேன் என்றுதான் சொன்னேன். பெரிய கோபுரத்திலிருந்து வடக்கே பார்த்து ஓட ஆரம்பித்தோம். மலை இடப்பக்கம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தெரியாத மலை. வழக்கமாக முன்னால் நிற்கும் பாறை பின்னால் போய், பார்த்தே இராத ஒரு மடிப்பு முன்னால் வந்தது. ஓடுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன், மிலிட்டரி திட்டினான்.

மலையைவிட ஆச்சரியம் ஜனங்கள். ராத்திரி கிளம்பி நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் எங்கள் எதிரில் வந்தார்கள். எத்தனையோ பௌர்ணமிக்கு நானும் அந்தக் கூட்டத்தில் நடந்திருக்கிறேன், அத்தனை முறையும் எனக்கு முன்னால் போனவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். புடவைத் தலைப்பு, துண்டு, தோளில் தூங்கும் பிள்ளையின் கால், இவ்வளவுதான் தெரியும். அன்றைக்கு முகம் முகமாக வந்தது. அழுதுகொண்டு நடந்தவர்கள் இருந்தார்கள், அதை நான் அதுவரை அறிந்ததே இல்லை. தூக்கக் கலக்கத்தில் கண் மூடியபடி நடந்தார்கள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மெதுவாகச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒரு வயசான அம்மாள் எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள். "ஏன்டா எதுருல வர்றீங்க, எழவு வூடா?" என்றாள். மிலிட்டரி கையைக் கூப்பி, "ஆமாம்மா, வேலூர்ல தோத்துட்டோம்" என்றான். அந்த அம்மாள் என்ன புரிந்துகொண்டாளோ, "போயி குளிங்கடா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சுற்றி முடித்தபோது டீமில் நான் ஒருவன்தான் இருந்தேன், அந்தக் கேள்வி முழுசாக எனக்கே. நீ யாரையாவது கொன்றாயா என்பதுதான் எங்கள் எல்லோர் மனசிலும் இருந்த கேள்வி, மாசக்கணக்காக ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அதைக் கேட்கச் சொல்லித் தள்ளிவிடுவோம். அன்று காலை அது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "அங்க இன்னா பாத்த?" என்றேன். அவன் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னான். "போறப்ப ஒண்ணும் பாக்கலடா. முன்னால போறவன் முதுகுதான். எல்லாம் முடிஞ்சி லாரில திரும்பி வர்றோம், அகதிங்க எதுருல அவங்க ஊருக்குத் திரும்பிப் போறாங்க. பானை, கோழி, பாய் எல்லாத்தையும் தூக்கிகினு. ரோடு பூரா மூஞ்சி. எவ்ளோ மூஞ்சின்ற. அப்பதான் நான் எங்க போய் வந்தேன்னே எனக்குத் தெரிஞ்சிது." அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை, சட்டப்படி ஒரு கேள்விதான். அந்த இன்னொரு கேள்வியை நான் கடைசிவரை அவனிடம் கேட்கவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், இனி யாரிடமும் கேட்க முடியாது.

அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். அப்புறம் இன்னும் சிலர். பாஸ்கர் மட்டும் வாசலில் அப்பா இருப்பதால் அடி அண்ணாமலைக்குள் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்து சேர்ந்துகொள்வான். நடுவில் வந்த மேட்ச்களையும் ஜெயித்தோம், கோப்பையை முடிவு செய்யும் கடைசி மேட்ச் எங்கள் கிரவுண்டிலேயே, அதே வேலூர் டீமோடு. ஆளுக்கு ஒரு கோலில் நின்றது. முடியப் போகும் நேரம். நான் ரைட் அவுட், வலது கோட்டோரம் என் இடம். பந்து எனக்கு வந்தது. என்னைத் தடுக்க எதிரே நின்ற பேக் வழக்கம்போல என் வலப்பக்கமாகச் சாய்ந்தான். நான் இடப்பக்கம் திரும்பினேன். அவன் கால் பின்னி விழுந்துவிட்டான். நான் உள்ளே வந்துவிட்டேன். இதுவரை கோலை மூலையிலிருந்து ஒரு கம்பமாக மட்டுமே பார்த்தவன் நான். அன்று அது முழுசாக, நேருக்கு நேர் திறந்திருந்தது. அது அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது குமரா. நான் நின்று பார்த்துவிட்டேன். நிஜமாகவே நின்றேன். கிரவுண்டே அடிடா அடிடா என்று கத்துகிறது, நான் வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறேன். விழுந்தவன் எழுந்து வந்துவிட்டான். அவசரமாக உதைத்தேன், கம்பத்தில் பட்டு வெளியே போனது. விசில் ஊதிவிட்டார்கள். டிரா. ஜெயித்திருந்தால் கோப்பை எங்களுக்கு.

பாஸ்கர் என்னைத் தாண்டிப் போய்விட்டான். மிலிட்டரி மைதானத்தின் நடுவிலிருந்து நேராக என்னிடம் வந்தான், அறையப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் அந்த மூன்று விரல் கையை என் தோளில் போட்டு, "இன்னாடா பாத்த?" என்றான். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டான். "கோலு ரொம்பப் பெருசா இருக்குது" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் வேலூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உனக்கு இதை எதற்கு எழுதுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். நீ போனால் எனக்கு வலிக்கும். பஸ் ஸ்டாண்டில் உன்னை ஏற்றிவிட்டு, பஸ் மறையும்வரை அங்கேயே நிற்கும் ஆள் நான், விமானம் ஏறினால் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. மூன்று வருஷத்தில் எனக்கு எதுவும் நடக்கலாம், அதையும் மறைக்க மாட்டேன். இன்னொரு ஸ்ட்ரோக் வந்தால் நீ வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். எனக்கும் இரவில் அந்தப் பயம் வருகிறது. ஆனால் நாற்பதை நெருங்கும்போது பெற்ற பிள்ளை நீ, நான் விழுந்துவிடுவேன் என்று என் முதுகையே பார்த்துக்கொண்டு இந்த மூன்று வருஷத்தை நீ கழிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இங்கே உன் அம்மா இருக்கிறாள், ஸ்பீக்கர் போன் இருக்கிறது, கீழ்பென்னாத்தூர் பஸ் இருக்கிறது. சித்தப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு என்மேல் உள்ள பிரியம் எனக்குத் தெரியும், குழுவில் எழுதுவதைவிட வாரம் ஒரு தடவை நேரில் வந்து எட்டிப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அங்கே கோடையில் சூரியன் மறையாதாமே, ஜனங்கள் எதைப் பார்த்துத் தூங்கப் போவார்கள்? பனி கொட்டும்போது சத்தம் கேட்குமா? பக்கத்து வீட்டுக்காரனிடம் கறிவேப்பிலை கேட்க முடியாது, வேறு என்ன கேட்டுப் பழகுவார்கள்? எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டு உன்னைப் படுத்த மாட்டேன். மிலிட்டரி சட்டம்தான். வாரத்துக்கு ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும், பாதியில் வைக்கக் கூடாது, ரெஸ்ட் எடுங்க என்று சொல்லக் கூடாது. என் பங்குக்கு நான் மாடியைச் சுற்றுவேன். நேற்று சாயங்காலம் சுவரைப் பிடிக்காமல் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். துணிக்கொடிக்குப் பின்னால் உன் அம்மா நின்றுகொண்டு நான் விழாமல் இருக்க வேண்டும் என்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள், எனக்கு இடப்பக்கம் தெரியாததால் நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் உன் கம்பெனிக்கு, வருகிறேன் என்று எழுதிவிடு. போய் இறங்கி, பெட்டியைக் கீழே வைத்ததும் போன் பண்ணு. முதல் கேள்வி என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், நீ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போக வசதியாக இருக்கும்.

இன்னாடா பாத்த?

உன் அப்பா